வாசலுக்கு மேல் எழுதிய பெயர்

7.7.2023, வெள்ளி

தம்பி தென்னரசுக்கு,

அக்கா மதிவதனி எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை உன்னைப் பார்க்க வேலூர் ஜெயிலுக்கு வந்தேன். ஐந்தரை பஸ்ஸில் ஆரணி வந்து, அங்கிருந்து வேலூர் வண்டி பிடித்து, ஒன்பது மணிக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றேன். பதினொரு மணிக்கு உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஓடினேன். "அவரு வரலன்னுட்டாரும்மா. யாரையும் பாக்க இஷ்டம் இல்லியாம்" என்றார் அங்கிருந்தவர். மறுநாள் உன் மாமா வந்தபோது மட்டும் வந்து அரைமணி நேரம் பேசியிருக்கிறாய். அப்படியானால் யாரையும் என்பது என்னைத்தான்.

முகத்தைப் பார்க்க மாட்டேன் என்றால் கடிதத்தையாவது பார். ஊராட்சி அலுவலக வாசலுக்கு மேல் கல்லில் இருந்த 'ஸ்ரீ பச்சையம்மன் துணை' என்ற எழுத்தை நீ உளி வைத்துக் கொத்தினாய். செய்தது சரி என்று என்னால் சொல்ல முடியாது. எனக்கு ஆத்தா என்றால் பயம், அது உனக்கே தெரியும். ஆனால் உன்னைப் பிடித்துக்கொடுத்தது நான் இல்லை. துணைத் தலைவர் வீரபாகுதான் ஸ்டேஷனுக்குப் போனார். அரசாங்கச் சொத்தை உடைத்ததாகவும் சாமியைக் கேவலப்படுத்தியதாகவும் இரண்டு பிரிவில் கேஸ் போட்டிருக்கிறார்கள். நான் இந்த ஊராட்சிக்குத் தலைவராக இருந்தும் என் தம்பி ஜெயிலுக்குப் போவதை ஸ்டேஷன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குற்றம் என்மேல் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை.

உன் போனுக்குத் தகவல் வந்திருக்கிறது. குரூப் 4 கலந்தாய்வு ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, சென்னையில். நாள் முழுக்கச் சாயப்பட்டறையில் பட்டு நூலை முக்கி எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சிவந்த விரலோடு புத்தகத்தைப் புரட்டிப் படித்தவன் நீ. காலனியில் இத்தனை மார்க் வாங்கியவர்கள் யாரும் இல்லை. எட்டாம் தேதிக்குள் நீ வெளியே வந்தாக வேண்டும். அம்மா சோறு இறங்காமல் கிடக்கிறாள். எனக்கு வேறு எதுவும் இப்போது முக்கியமில்லை.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

மதி அக்கா


12.7.2023

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. வக்கீல் பரிமளா நேற்று வந்து புகாரின் நகலைக் காட்டினார். உன் லெட்டர்பேடில் இருக்கிறது. உச்சியில் அரசாங்கத்துக் கோபுரம். அதன் கீழே 'வாய்மையே வெல்லும்'. அதற்கும் கீழே 'மேற்படி தென்னரசு என்பவர்' என்று ஆரம்பித்து ஒரு பக்கம். கடைசியில் தலைவர் முத்திரை, பச்சை மையில் கையெழுத்து.

கையெழுத்து உன்னுடையதா, இல்லையா? அதை மட்டும் எழுது. ஆத்தாவைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும் அப்புறம் எழுதலாம்.

தென்னரசு


16.7.2023, ஞாயிறு

தம்பி,

என்னுடையதுதான்.

சத்தியமாக இதைப் பரிமளா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முன்னால் எழுதிய கடிதத்தில் நான் பொய் சொல்லவில்லை. ஆனால் தெரியாது என்று சொல்வது பொய்யைவிடக் கேவலம் என்று இந்த மூன்று நாளில் புரிந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அந்தப் பெயரைப் போடச் சொன்னது நான்தான், உனக்குத் தெரியும். ஏன் போட்டேன் என்று நீ கேட்டபோது நான் சரியாகச் சொல்லவில்லை, சண்டைதான் போட்டோம். இப்போது சொல்கிறேன். நான் எட்டு வருடம் ஆரணியில் ஆதிலட்சுமி அம்மா வீட்டில் தறிக்குத் தாரில் நூல் சுற்றப் போனேன் அல்லவா? அவர்கள் வீட்டு நிலைக்கு மேல் சாமி பெயர் செதுக்கியிருக்கும். முதல் நாள் நான் உள்ளே போகலாமா என்று தெரியாமல் தெருவிலேயே நின்றேன். அந்த அம்மா எட்டிப் பார்த்து, "சாமி பேரு போட்ட வாசப்படி. உள்ள வராம இன்னாத்துக்கு நின்னுகினு கீற, வா" என்றார். எட்டு வருடம் அந்தப் பெயருக்குக் கீழேதான் போய் வந்தேன். தண்ணீர் கேட்டால் எல்லோரும் குடிக்கிற சொம்பில்தான் கொடுத்தார்கள்.

அதனால் எனக்கு ஓர் எண்ணம் விழுந்துவிட்டது, சாமி பெயர் இருந்தால் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கும் என்று. தனி ஊராட்சி என்று வந்ததால்தான் நான் தலைவரானேன். காலனிக்காரி உட்கார்ந்திருக்கிற ஆபீஸுக்கு ஊர்க்காரர்கள் வரக் கூச்சப்படுவார்கள், ஆத்தா பெயர் இருந்தால் ஆத்தாவிடம் வருகிற மாதிரி வருவார்கள் என்று நினைத்தேன். இன்னொன்றும் உண்டு. கோயிலில் நாம் தெருவோடு நின்று கும்பிடுகிறவர்கள். நான் கட்டிய கட்டிடத்திலாவது அவள் பெயர் என் தலைக்கு மேல் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

சித்திரை ஒன்றாம் தேதி வீரபாகு அந்தக் கல்லுக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டினார். சந்தோஷமாக இருந்தது. மறுவாரம் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், சரி என்றேன். அப்புறம் மாதத்தில் அந்த ஐந்து நாள் பெண்கள் வரக்கூடாது என்றார்கள். சரி என்றேன். வைகாசியில் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "யம்மா, நீ சுத்தபத்தமாத்தான் கீற, நான் இல்லன்னு சொல்லல. ஆனா கோயில்ல யாரு எதுவரைக்கும் வரணும்னு ஒண்ணு கீதுல்ல? ஆத்தா பேரு கீற எடமும் கோயிலுதான். நாங்களா வச்சோம்? நீயே வச்ச பேரு. பேஜார் பண்ணாத" என்றார்.

அதற்கும் சரி என்றேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று நம் பக்கம் சொல்வார்கள். நான் பூசாரி இல்லாத இடத்தில் பூசாரியை நானே உண்டாக்கி உட்காரவைத்தேன்.

அதிலிருந்து வெளியே கொடிக்கம்பத்துப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவேன். செயலர் குமரேசன் உள்ளேயிருந்து காகிதங்களைக் கொண்டுவருவார். போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறி வைத்திருப்பார். போடுவேன். முத்திரை உள்ளே போய் அவர் குத்திக்கொள்வார்.

அன்றைக்குக் காலையில் உன்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள் என்று கேட்டதும் வீரபாகுவைத் தேடித்தான் ஓடினேன், அவர் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று. "போலாம் போலாம், நானே வந்து பேசறேன். பி.டி.ஓ. ஆபீஸுக்குக் குடுக்க வேண்டியது நாலு கையெழுத்து கீது, ஜல்தி போட்டுட்டு வா" என்றார். குமரேசன் கட்டாகக் கொண்டுவந்து நீட்டினார். தெருவிளக்கு, குடிநீர்த் தொட்டி, நூறு நாள் வேலை என்று மேலே இருந்தவை தெரிந்தன. அடியில் இருந்ததை நான் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர். குறி இருந்த இடத்திலெல்லாம் போட்டேன்.

உன்னை மீட்பதற்கென்று அவசரமாகப் போட்ட கையெழுத்தில்தான் உன்னை உள்ளே தள்ளியிருக்கிறேன்.

பரிமளா ஒரு வழி சொல்கிறார். அந்தப் பெயர் கட்டிட மதிப்பீட்டில் கிடையாது. தீர்மானமும் கிடையாது. நான் வாய்வார்த்தையாகக் கொத்தனாரிடம் சொல்லி வைத்தது. ஆகவே அது அரசாங்கச் சொத்தும் இல்லை, கோயில் சொத்தும் இல்லை. இதையும், படிக்காமல் கையெழுத்துப் போட்டதையும் நான் தலைவராக முத்திரையோடு எழுதிக் கொடுத்தால் கோர்ட்டில் கேஸ் நிற்காது என்கிறார். ஆனால் அப்படி எழுதினால் என் பதவி நிற்காது. அனுமதி இல்லாமல் சாமி பெயர் போட்டவள், படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவள் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி.

முத்திரையும் தீர்மானப் புத்தகமும் உள்ளே பீரோவில் இருக்கின்றன. நான் என்ன செய்யட்டும்?

மதி அக்கா


20.7.2023

அக்கா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் தடவை கிழித்துப் போட நினைத்தேன். இரண்டாவது தடவை உன்மேல் இருந்த கோபம் ஆதிலட்சுமி அம்மாமேல் போயிற்று. அந்த அம்மா நல்லவராக இல்லாமல் இருந்திருந்தால் நமக்கு இத்தனை கஷ்டம் இல்லை. சிரிக்காதே, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

அது அவர்கள் வீடு. அவர்கள் வாசல், அவர்கள் சாமி, அவர்களுக்கு மனசு இருந்தது, கூப்பிட்டார்கள். மனசு இல்லாத வீடு நாலு வாசல் தள்ளியே இருந்திருக்கும், அங்கேயும் அதே சாமி பெயர்தான் இருக்கும். ஆபீஸ் வாசலில் யாருடைய மனசும் தேவையில்லை. சட்டம் போதும். கல் வைத்த அன்றைக்கு உன்னிடம் என்ன சொன்னேன்? "சாமிக்கு ஊர் முழுக்க எடம் கீது. நமக்குன்னு கெடச்சது சர்க்கார் கட்டடம் ஒண்ணுதான். அங்கயும் சாமிய கூட்டியாந்து வச்சா அப்பறம் நாம எங்க போறது?" என்றேன். "உனக்கு அப்பா மாதிரி வாய்" என்றாய். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாய். அரசு அலுவலகத்தில் சாமி படமே வைக்கக்கூடாது என்று பழைய ஆணை இருக்கிறது, நான் பரீட்சைக்குப் படித்ததில் அதுவும் ஒன்று. ஆனால் யார் கேட்கிறார்கள்? என்னைப் பிடித்துப்போன ஸ்டேஷனில் எழுத்தர் தலைக்கு மேல் மூன்று படம், மூன்றுக்கும் பூ.

சரி. இப்போது நான் உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன்.

எல்லோரும் நான் கொள்கைக்காக உளி எடுத்தேன் என்று நினைக்கிறார்கள். இங்கே ஒருவர் என்னைத் தோழர் என்றுகூடக் கூப்பிடுகிறார். அது இல்லை. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் டீக்கடையில் நின்றிருந்தேன். "இன்னாடா, உங்கக்கா பிரசிடெண்டா, வாச்மேனா? எப்பப் பாரு கொடிக்கம்பத்தாண்டயே ஒக்காந்துகினு கீது" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அக்கா. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் நீ சாப்பாடு போட்டாய். உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விடிந்ததும் கொத்தனார் வீட்டில் உளி வாங்கிக்கொண்டு போனேன். உனக்காகக் கொத்தவில்லை. உன்னைப் பற்றி எனக்கு இருந்த வெட்கத்தைக் கொத்தினேன். அதற்கு இந்தத் தண்டனை போதாது.

அதனால் நீ எதுவும் எழுதிக் கொடுக்காதே. நீ இறங்கினால் பொறுப்பு வீரபாகுவிடம் போகும். பத்து வருடத்துக்குக் காலனிக்காரர் யாரும் அந்தப் படியேறிக் கேள்வி கேட்க முடியாது. எனக்கு வேலை போனால் போகட்டும், அடுத்த வருடமும் பரீட்சை வைப்பார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு இங்கே பயமாக இருக்கிறது. எங்கள் அறையில் ஒருவர் விசாரணைக் கைதியாகவே நாலு வருடமாக இருக்கிறார். என் விரலில் இருந்த சாயம் சுத்தமாகப் போய்விட்டது. ஆனாலும் எழுதாதே.

செவ்வாய்க்கிழமை வா. வந்தால் பார்க்கிறேன்.

தென்னரசு


26.7.2023, புதன்

தம்பி,

நேற்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ பேசியதில் பாதி கேட்கவில்லை. இரண்டு பக்கமும் ஐம்பது பேர் கத்தினால் என்ன கேட்கும். "எழுதாதக்கா" என்றது மட்டும் வாயசைவில் தெரிந்தது. கன்னம் ஒட்டிப்போயிருக்கிறாய்.

கேள். இங்கே ஜாமீன் மனு தள்ளுபடி ஆகிவிட்டது, மாமா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். தலைவரே புகார் கொடுத்திருக்கும்போது எப்படி விடுவது என்று கேட்டார்களாம். இனி திருவண்ணாமலையில் ஆகஸ்ட் இரண்டாம் தேதி ஒரே ஒரு வாய்தா. அதற்கு முன்னால் என் கடிதம் போனால் உண்டு. போகாவிட்டால் கலந்தாய்வு போயிற்று.

திங்கட்கிழமை குமரேசனிடம் முத்திரையை வெளியே கொண்டுவந்து தாருங்கள் என்று கேட்டேன். "காப்பு கட்டிக்கீறாங்க தலைவரம்மா. திருவிழா முடியற வரைக்கும் பீரோவ தொறக்க வேணாம்னு துணைத் தலைவர் சொல்லிட்டாரு" என்றார். அரசாங்க பீரோவுக்குக் காப்புக் கட்டிய முதல் ஊர் நம் ஊராகத்தான் இருக்கும். ஆடி முடிய மூன்று வாரம் இருக்கிறது. எனக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது.

நான்தானே தலைவர், உள்ளே போய் எடுக்க வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். காப்புக் கட்டியிருக்கும்போது தப்புப் பண்ணினால் ஆத்தா குடும்பத்தைக் கேட்டுவிடுவாள் என்று சொல்லித்தான் அம்மா நம்மை வளர்த்தாள். அப்பா சிரிப்பார், நான் பயப்படுவேன். இப்போதும் பயப்படுகிறேன். கேட்கிறது என்று முடிவு செய்தால் அவள் யாரைக் கேட்பாள்? ஏற்கெனவே உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அடுப்பு முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றவில்லை. நீ சொன்னபடி சும்மா இருந்துவிடலாமா என்று காலையில் நினைக்கிறேன். சாயங்காலம் உன் கன்னம் ஞாபகம் வருகிறது.

மதி அக்கா


4.8.2023, வெள்ளி

தென்னரசு,

உனக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. பரிமளா சொல்லி அனுப்பியிருப்பார். ஜாமீன்தாரர் கையெழுத்தெல்லாம் முடிந்து திங்கட்கிழமை காலையில் வெளியே வருவாய். நீ தடுத்ததை நான் செய்துவிட்டேன். இதை மற்றவர்கள் சொல்லிக் கேட்பதற்கு முன்னால் என்னிடம் கேள்.

போன வெள்ளிக்கிழமை போனேன். ஆடி வெள்ளி என்று நாள் பார்த்துப் போகவில்லை, அதற்குமேல் தள்ளிப்போட நாள் இல்லை. நீ கொத்திய இடத்தில் மஞ்சளைக் குழைத்து மறுபடியும் அவள் பெயரை எழுதியிருக்கிறார்கள். வாசல் முழுக்க வேப்பிலை. படியருகே போனதும் கால் தானாகச் செருப்பைக் கழற்றிவிட்டது. கழற்றிய பிறகு பார்த்தேன். இது ஆபீஸ் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்ப மாட்டிக்கொண்டேன். அதற்குத்தான் அதிக நேரம் ஆயிற்று. உள்ளே போக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வீரபாகு என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "யம்மா, இன்னா இது? காப்பு கட்டிக்கீது" என்றார். எழுந்திருங்கள் என்றேன். அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே இன்னொரு தடவை சொன்னேன். அவர் என்னைத் தொட்டுத் தள்ள முடியாது, தீட்டு. அதனால் எழுந்து வெளியே போனார். அவருடைய தீட்டு எனக்கு உதவியது அந்த ஒரு தடவைதான்.

குமரேசனிடம் சாவி கேட்டேன். கொடுத்துவிட்டு அவரும் ஓடிவிட்டார். நான் மட்டும் உட்கார்ந்து, லெட்டர்பேடை எடுத்து, என் கையால் எழுதினேன். பெயரைப் போடச் சொன்னது நான், தீர்மானம் கிடையாது, மதிப்பீட்டில் கிடையாது, என்னை உள்ளே விடாததால் வெளியே உட்கார்ந்து படிக்காமல் கையெழுத்துப் போட்டேன், புகாரில் இருப்பது என் வார்த்தை இல்லை. இரண்டு பக்கம் வந்தது. எழுதி முடித்து இரண்டு தடவை படித்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். பிறகு முத்திரை. தலைவராகி மூன்றரை வருடத்தில் அந்த முத்திரையை என் கையால் குத்தியது அன்றுதான்.

வெளியே வந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நடந்திருப்பேன், பின்னால் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். நாற்காலியை இழுத்து வந்து தெருவில் போட்டிருந்தார்கள். வீரபாகு மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்றார். குமரேசன், அரசாங்கச் சம்பளம் வாங்குகிற குமரேசன், குனிந்து சாணி போட்டுத் தேய்த்தார். கால், முதுகு, கை வைக்கிற இடம் எல்லாம் தேய்த்தார். பிறகு நான் நடந்த தரையைக் கழுவினார்கள். ஊரே நின்று பார்த்தது. ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஆத்தா ஒன்றும் செய்யவில்லை. செய்தவர்களெல்லாம் மனிதர்கள்தான். பயம் இன்னும் போகவில்லை, போய்விட்டது என்று சொன்னால் நீ நம்பவும் மாட்டாய்.

நேற்று கலெக்டர் ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தது. பதவியிலிருந்து ஏன் நீக்கக்கூடாது என்று பதினைந்து நாளில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். உன்னை விட்டுவிட்டார்கள், என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நாற்காலியைக் கழுவியதற்கு வன்கொடுமைச் சட்டத்தில் புகார் கொடு என்கிறார் பரிமளா. எழுதிக்கொண்டிருக்கிறேன். யார் சாட்சி சொல்வார்கள் என்று தெரியவில்லை. நீ பயந்த மாதிரியே வீரபாகுதான் அந்த இடத்துக்கு வருவார் போலிருக்கிறது. இதையெல்லாம் நினைத்துக் குமைந்துகொண்டு சென்னைக்குப் போகாமல் இருந்துவிடாதே. சான்றிதழ்கள் எல்லாம் மாமா கொண்டுவருவார். கேஸைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல். வேலை கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது, பரிமளாவுக்கும் தெரியாது. ஆனால் ஒன்பதாம் தேதி நீ அங்கே போய் நிற்க வேண்டும்.

ஜெயில் வாசலுக்கு மாமா மட்டும்தான் வருவார். நான் வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. திங்கட்கிழமை பத்து மணிக்கு எனக்கு ஆபீஸ் இருக்கிறது. இன்னும் பதினான்கு நாள் நான்தான் தலைவர். பதினான்கு நாளும் போய் அந்த நாற்காலியில் உட்காரப் போகிறேன். தினமும் கழுவட்டும்.

மதி அக்கா